ஒரு மாதத்தில் எத்தனை நாள் வேலை?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் வேலையின்மை வீதம் குறைந்திருப்பதாகச் செய்தி வரும்போதெல்லாம் நான் அதை இரண்டு தடவை வாசிப்பதுண்டு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிக்கள உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்தச் செய்திகளில் வரும் எண்கள் பிழையென்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆயினும் அந்த எண்களை மட்டும் வாசிக்கும் ஒருவர் எங்கள் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அறியவே முடியாது என்பதை உங்கள் பத்திரிகையின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

கடந்த சில ஆண்டுகளின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை அளவீட்டின்படி 2021இல் நாட்டின் வேலையின்மை 5.1 வீதம், 2022இல் அது 4.7 வீதம். 2022 எப்படிப்பட்ட ஆண்டு என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. எரிபொருள் வரிசைகளில் மனிதர்கள் விழுந்து இறந்த ஆண்டு அது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது. உணவுப் பொருட்களின் விலையேற்றம் மட்டும் தொண்ணூறு வீதத்தைத் தாண்டியது. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021இல் நூற்றுக்குப் பதின்மூன்று பேராக இருந்த ஏழைகள் 2022இல் நூற்றுக்கு இருபத்தைந்து பேரானார்கள். ஏழைகளின் தொகை ஒரே ஆண்டில் ஏறத்தாழ இரட்டிப்பாகியது. அதே ஆண்டில் வேலையற்றோர் வீதம் குறைந்தது. இரண்டும் உண்மை என்றால், நாங்கள் "வேலை" என்று எண்ணிக்கொண்டிருப்பது எதை என்ற கேள்வி எழத்தானே வேண்டும்?

பதில் அந்த அளவீட்டின் வரைவிலக்கணத்திலேயே இருக்கிறது. அளவீட்டுக்கு முந்திய வாரத்தில் கூலிக்கோ இலாபத்துக்கோ, அல்லது குடும்பத் தொழிலில் ஊதியம் ஏதுமின்றியோ, ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தவர் வேலை உள்ளவர் என்றே கணக்கிடப்படுவார். உலகமெங்கும் பின்பற்றப்படும் முறை இது. நாடுகளை ஒப்பிடுவதற்கு அதில் நியாயமும் உண்டு. நிரந்தரச் சம்பளம் வாங்குவோர் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் அந்த ஒரு மணித்தியாலம் பெரிய மயக்கத்தை உண்டாக்காது. தொழில் செய்வோரில் அரைவாசிக்கும் மேற்பட்டவர்கள் முறைசாராத் தொழிலில் தங்கியிருக்கும் எங்கள் நாட்டில், அதிலும் நாட்கூலியை நம்பியிருக்கும் எங்கள் கிராமங்களில், அது பசியையே மறைத்துவிடுகிறது.

கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்தில், கணவனை இழந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். பெயரையும் ஊரையும் தவிர்க்கிறேன். திண்ணைச் சுவரில் ஒரு நகைக்கடை கொடுத்த நாட்காட்டி தொங்கியது. சில திகதிகளைச் சுற்றி நீல மையில் வட்டம் போடப்பட்டிருந்தது. சில வட்டங்களுக்குள் சிறிய கோடு ஒன்றும் இருந்தது. விரத நாட்களாக்கும் என்று நினைத்துக் கேட்டேன். "வேலைக்குப் போன நாளுக்குத்தான் ஐயா வட்டம். காசு இன்னும் வரல்லெண்டா உள்ளுக்க ஒரு கோடு" என்றார். ஆனி மாதத்தை எண்ணிப் பார்த்தேன், பதினொரு வட்டம். அவற்றில் ஆறு நாள் நிலக்கடலைத் தோட்டத்தில் களை பிடுங்கியது, நான்கு நாள் மேசனுக்குக் கையுதவியாகக் கல்லும் சாந்தும் சுமந்தது, ஒரு நாள் கலியாண வீடொன்றில் பாத்திரம் கழுவியது. கோடு போட்ட வட்டங்கள் இரண்டு. மாதத்தின் நான்கு வாரங்களிலும் குறைந்தது ஒரு வட்டமாவது இருந்தது. ஆகவே எந்த வாரத்தில் கணக்கெடுப்பாளர் போய்க் கேட்டிருந்தாலும் அவர் வேலை உள்ளவரே.

எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு நாட்கூலி இப்போது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவில் இருக்கிறது. ஆண்களுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வரை போகும். ஒரே வயலில் ஒரே வெயிலில் நிற்பவர்களுக்கு இந்த வேறுபாடு ஏன் என்பது தனிக் கடிதம் எழுத வேண்டிய விடயம். பதினொரு நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு வீதம் பார்த்தால் 16,500 ரூபாய். திணைக்களம் மாதந்தோறும் வெளியிடும் வறுமைக்கோடு 2019இல் ஆளொருவருக்கு மாதம் 6,966 ரூபாயாக இருந்தது; 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது 16,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதாவது அந்தப் பெண்ணின் ஒரு மாத உழைப்பு முழுவதும் ஒரே ஒருவரை வறுமைக்கோட்டின் விளிம்பில் நிறுத்தப் போதும். அந்த வீட்டில் இருப்பவர்கள் நான்கு பேர்: அவர், வயதான தாய், சாதாரண தரம் படிக்கும் மகன், எட்டாம் வகுப்பில் ஒரு மகள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேசியக் குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலில் மாதத்துக்கு 27,000 ரூபாயாக, நாளுக்கு 1,080 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாட்கூலியைப் பார்த்தால் இந்தப் பெண்ணுக்குச் சட்டம் சொன்னதைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது. யாரும் அவரை ஏமாற்றவில்லை, சட்டத்தை மீறவும் இல்லை. மாதக் கணக்கில் பார்த்தால் அந்த 27,000 ரூபாய்க்கு அவரது வருமானம் 10,500 ரூபாய் குறைவு. இந்தக் குறை கூலியில் வந்ததன்று, நாட்களில் வந்தது. கூலியை உயர்த்துவது பற்றி எங்கள் அரசியல்வாதிகள் பேசுகிறார்கள், நல்லது. நாட்கள் எங்கே போயின என்று பேசுபவர்கள் மிகக் குறைவு.

அவை போன இடம் வயற்காரர் எல்லோருக்கும் தெரியும். நான் உத்தியோகத்துக்கு வந்த காலத்தில் மாரி வேளாண்மை என்றால் புல்லுப் பிடுங்குவது தொடங்கி நெல்லறுக்கும் அருவி வெட்டு, சூடு போடுதல், தூற்றுதல் வரை ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் கைவேலை இருந்தது. கூலியின் ஒரு பகுதி நெல்லாகவே வீட்டுக்கு வரும். அந்த நெல் மூலையில் இருக்கும்வரை வீட்டில் பட்டினி இல்லை. இன்று களைநாசினி புல்லைப் பார்த்துக்கொள்கிறது. வெட்டு மெசின் இறங்கினால், இருபது பேர் இரண்டு நாள் வெட்டிய வயல் ஒரு பிற்பகலில் முடிந்துவிடுகிறது. நெல் வட்டையிலிருந்தே லொறியில் ஏறிப் போகிறது. விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவித்தலில் தடை செய்ததால் விளைச்சல் விழுந்து, அடுத்த போகத்துக்கு நகை அடகு வைத்தவர்களை நான் அறிவேன். ஆள்கூலியைக் குறைக்காவிட்டால் அவர்களும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் மெசின் விழுங்கிய அந்த நாட்களுக்கு ஈடாக வேறு எந்த வேலையும் படுவான்கரைக்கு வரவில்லை.

தண்ணீர் உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் உள்ள வேறுபாடு இன்னொன்று. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் ஆகிய குளங்களின் பாய்ச்சலில் உள்ளவர்களுக்குக் காய்ந்த மாதங்களில் செய்யும் சிறுபோகமும் உண்டு. அம்பாறையில் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால் எட்டிய நிலங்களில் இரண்டு போகமும் நடக்கிறது. அதே மாவட்டத்தில் திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் உட்புறமாக உள்ள ஊர்கள் சிலவற்றில் மழையை நம்பிய ஒரு போகத்தோடு சரி. மானாவாரி ஊர் ஒன்றில் பங்குனி முடிந்தால் புரட்டாதி வரை வயல் கட்டாந்தரைதான். பிறகு மழை தொடங்கினால் வெள்ளம். 2024 நவம்பர் இறுதியில் வந்த வெள்ளத்தில் இரண்டு மாவட்டங்களிலும் விதைத்த வயல்கள் எப்படி மூழ்கின என்பதை உங்கள் பத்திரிகையே படங்களுடன் வெளியிட்டது. மாவட்டம் ஒன்றுக்கு ஒரு சராசரி எண் கொடுக்கும்போது இந்த ஊர்கள் யாவும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 2012/13இல் மட்டக்களப்பின் வறுமை 19.4 வீதம், 2016இல் 11.3 வீதம் என்று அறிக்கைகள் சொன்னபோது நாங்கள் மகிழ்ந்தோம். அந்த 11.3இல் மண்முனை வடக்கின் நகர வீதிகளும் வெல்லாவெளியின் எல்லைக் கிராமங்களும் ஒரே கூடையில் கிடந்தன என்பதை அன்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வேலை தொடர்ச்சியாக இல்லாதபோது கடன் மட்டும் தொடர்ச்சியாக இருப்பதுதான் எங்கள் பெண்களின் பெருந்துயரம். நுண்நிதிக் குழுக்கடன் வாரத்துக்கு வாரம் அறவிடப்படும்; குறித்த கிழமையில், குறித்த நேரத்தில், ஒருவர் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடியிருக்க வேண்டும். ஒருவர் கட்டத் தவறினால் குழுவில் உள்ள மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். மாதத்தில் பதினொரு நாள் உழைப்பவருக்கு வாரத் தவணை என்பது எந்தக் கணக்கில் பொருந்தும்? ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை 2018இல் அரசு தள்ளுபடி செய்தது. அது பலருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது உண்மை. கடன் வாங்க வைத்த காரணம் அப்படியே இருந்ததால், ஓரிரு ஆண்டுகளில் அதே முற்றங்களில் மீண்டும் கூட்டம் கூடியது.

இன்னும் ஒரு பகுதியினர் கணக்கிலேயே வருவதில்லை. இலங்கையில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் தொழிற்படையில் சேர்ந்திருப்போர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்கள் வேலை வேண்டாம் என்று வீட்டில் இருப்பவர்களாகவே புள்ளிவிபரத்தில் தோன்றுவார்கள். பஸ் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் மட்டுமே வரும் ஊரில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத தாய் எந்த வேலையைத் தேடிப் போவார்? வேலை தேடவில்லை என்பதால் அவர் வேலையற்றவராகவும் எண்ணப்படுவதில்லை. அதே பெண் ஒரு நாள் ஏஜென்சிக்காரரின் பேச்சைக் கேட்டு மத்திய கிழக்குக்கு விமானம் ஏறும்போதுதான், அவருக்கு எவ்வளவு வேலை தேவைப்பட்டது என்பது எங்களுக்குத் தெரியவருகிறது.

வறிய குடும்பங்களுக்கு அரசு தரும் அஸ்வெசும உதவிப்பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஜூலையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாய், வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாய் என்று 2025இல் தொகை உயர்த்தப்பட்டது. கிடைப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அதை யாரும் இழிவாகப் பேசக்கூடாது. ஆனால் மாசியிலும் ஆவணியிலும் ஒரே தொகை வருகிறது. எங்கள் ஊர் வறுமை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் வறுமை. அருவி வெட்டுக் காலத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும் குடும்பம், ஆவணியில் பிள்ளையின் பாடசாலையை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறது. நான் சொன்ன வீட்டு மகனும் பரீட்சைக்கு முன்னரே கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போகும் யோசனையில் இருக்கிறான். மறித்துப் பேசினேன். "கோபால் பல்பொடிக்கும் காசில்லாத வீட்டில இருந்து என்ன படிக்கிறது?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை.

வேலையில்லாத் திண்டாட்டம் என்றவுடன் எங்கள் மாவட்டத்தில் பட்டதாரிகள்தான் நினைவுக்கு வருவார்கள். 2017இல் காந்திப் பூங்காவில் அவர்கள் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் இருந்த போராட்டத்தை நான் மதிக்கிறேன். என் உறவுப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். நாட்கூலிப் பெண்ணுக்கு அப்படி ஒரு பூங்காவில் இருக்கவும் முடியாது. இருந்தால் அன்றைய வட்டம் போய்விடும். ஆகவே அவருக்காக மற்றவர்கள்தான் பேச வேண்டும்.

எனது வேண்டுகோள்கள் பெரியவை அல்ல. வேலையின்மை வீதம் பற்றிய செய்தியை வெளியிடும்போது, அதே அளவீட்டில் வரும் குறைவேலை பற்றிய எண்ணையும், அதாவது இன்னும் வேலை செய்ய விருப்பமும் அவகாசமும் இருந்தும் போதிய மணித்தியாலம் வேலை கிடைக்காதோரின் தொகையையும், பக்கத்திலேயே வெளியிடுங்கள். திணைக்களம் அதைச் சேகரிக்கிறது. செய்தியில்தான் அது வருவதில்லை. மாவட்டச் செயலகங்கள் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, மாத வாரியாக, ஒரு கூலிக் குடும்பத்துக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதைப் பதிவு செய்யலாம். ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். சுவரில் வட்டம் போடும் பெண்கள் அந்தக் கணக்கை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அரசிடம் கேட்பது வைகாசி முதல் புரட்டாதி வரையான காய்ந்த மாதங்களுக்கான வேலை. இந்தியாவில் 2005இல் இயற்றப்பட்ட சட்டம் கிராமக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டில் நூறு நாள் வேலையை உரிமையாகவே ஆக்கியது. எங்களுக்கு நூறு நாள் வேண்டாம், அறுபது நாளில் தொடங்கலாம். படுவான்கரையில் தூர்ந்துபோன சிறு குளங்கள் எத்தனை, உடைந்த அணைக்கட்டுகள் எத்தனை, மண் மூடிய வாய்க்கால்கள் எத்தனை என்பது கமநல சேவை நிலையங்களுக்குத் தெரியும். அந்த வேலையை இயந்திரத்துக்கு ஒப்பந்தம் கொடுக்காமல், முடிந்த அளவு கைகளுக்குக் கொடுத்தால், வேலை இல்லாத மாதத்தில் கூலி வரும். குளத்தில் தண்ணீர் நின்றால் அடுத்த ஆண்டு சிறுபோகமும் வரும்.

வரவு செலவுத்திட்ட விவாதம் தொடங்குவதற்கு முன்னர் இரு மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் உங்கள் செய்தியாளர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலைப் பெயருடன் பிரசுரிக்க வேண்டும்: உங்கள் தொகுதியில் ஒரு கூலிப் பெண்ணுக்கு ஆவணி மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர்,
கொக்கட்டிச்சோலை.