முற்றட்டும் என்று சொன்னது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண் மருத்துவர்கள் சங்கத்தின் மாநிலத் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் டாக்டரின் பேட்டியை ஞாயிறு இணைப்பில் படித்தேன். அவருடைய கைராசியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், ‘மக்களின் அலட்சியம்தான் பார்வை இழப்புக்கு முதல் காரணம், கண்புரை முற்றிய பிறகுதான் வருகிறார்கள்’ என்று ஒரு வரி சொல்லியிருக்கிறார். அதைக் கொட்டை எழுத்தில் வேறு போட்டிருந்தீர்கள். எனக்குக் காபி இறங்கவில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் 29 வருடம் கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1986இல் வேலைக்குச் சேர்ந்தபோது, முகாமுக்கு வந்தவர்களின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, “இன்னும் முற்றவில்லை, ஆறு மாதம் கழித்து வா” என்று திருப்பி அனுப்பியவர்கள் டாக்டர்கள்தான். அந்தக் கால அறுவைக்கு அது சரி. அப்போது புரை விழுந்த லென்ஸை முழுசாக எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் முறை வந்தபின் முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, முற்றினால்தான் சிரமம். சரி, இதை ஊர் ஊராகப் போய்ச் சொன்னது யார்? சைக்கிள் மிதித்த நாங்கள். “போன தடவை முத்தட்டும்னீங்க, இப்ப ஏன் முத்த விடமாட்டேங்கிறீங்க, எதுதான்யா நெசம்?” என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை டாக்டருக்கு அனுப்பி வைக்கிறேன்.

பஸ் ஏற்றிவிட ஆள் இல்லாமல், களையெடுப்புக் கூலி போய்விடுமே என்று வராமல் போனவர்கள் எத்தனை பேர்! மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976இல், பணி ஓய்வுக்குப் பின், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். மூட்டுவாதத்தில் கோணிப்போன விரல்களோடு அறுவை செய்த மனிதர் அவர். மக்கள் அலட்சியம் என்று சொல்லிவிட்டு அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தாங்கள் அறியாததல்ல.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி மூன்று வருடம் ஒரே தனியார் கிளினிக்குக்குப் போனார். மூன்று தடவை கண்ணாடி மாற்றிக் கொடுத்தார்கள், கண் அழுத்தத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமா என்று வேறு இடத்தில் கண்டுபிடித்தபோது வலது கண்ணின் பக்கப் பார்வை போயிருந்தது. போனது திரும்பாது. வலியும் இல்லை, சிவக்கவும் இல்லை, எனக்கே தெரியவில்லை என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் அலட்சியமாக இருந்தார் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஃபீஸ் கட்டிவிட்டுத்தான் வந்தார்.

அப்புறம் கண்புரை அறுவைக்கான இந்த ‘பேக்கேஜ்’. சொட்டு மருந்து ஊற்றிக் கண் கூசிக்கொண்டிருக்கும் நேரத்தில் எந்த லென்ஸ் வேண்டும் என்று நோயாளியிடம் அட்டையை நீட்டுகிறார்கள். எழுத்து தெரிந்தால் அவர் ஏன் அங்கே வரப்போகிறார்? இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட்டுக்கு 2017இல் விலை வரம்பு வந்தது. கண் லென்ஸுக்கும் அப்படிக் கேட்பேன் என்று வேட்பாளர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சங்க மாநாட்டை எங்கே நடத்துவது என்பதற்கு அரைப் பத்தி ஒதுக்கியவர் இதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். நான் ஓய்வு பெற்ற இடத்துக்கு இரண்டு வருடம் ஆள் போடவில்லை, அதைப் பற்றியும் சங்கம் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுதான், எனக்கு அங்கே ஓட்டு இல்லை. எதிர்த்து நிற்பவரையும் பேட்டி எடுப்பீர்களானால், நாற்பது தாண்டி கண்ணாடிக்கு வருகிற எல்லோருக்கும் கண் அழுத்தம் பார்க்கச் சொல்வாரா என்று கேளுங்கள். இன்னொன்று, அந்தப் பேட்டியைக் கறுப்புப் பின்னணியில் பொடி வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருந்தீர்கள். கொட்டை எழுத்தில் இருந்த அந்த ஒரு வரியைத் தவிர மற்றதையெல்லாம் என் மனைவிக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. அடுத்த பேட்டியையாவது வெள்ளைத் தாளில், கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர்,
நிலக்கோட்டை.
(பெயர் வெளியிட வேண்டாம்)