தரவு கசிந்தால் முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கோட்பாடுகளை மீறும் நிறுவனங்களுக்கு அபராத உச்சவரம்பு 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. சிறைத்தண்டனையும் இரண்டு ஆண்டிலிருந்து மூன்றாண்டு வரை கூடியிருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் 2013 நவம்பரிலேயே நடப்புக்கு வந்த சட்டம் இது. அது இருக்கும்போதே 2017-இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே போனது தெரியவந்தது. நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம்! அன்று எங்கள் வீட்டுக்கு எந்த நிறுவனமும் ஒரு வரி எழுதவில்லை.

கைப்பேசி எண்ணை மாற்றிக்கொள்ளலாம். அடையாள அட்டை எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். அந்த 12 இலக்கங்களிலேயே பிறந்த தேதி, பிறந்த மாநிலம், ஆணா பெண்ணா என்பதெல்லாம் அடங்கிவிடுகிறது. அதோடு வீட்டு முகவரியையும் பிசகாமல் ஒப்பித்து, "போலீஸ் நிலையத்திலிருந்து பேசுகிறேன்" என்று ஒருவன் மிரட்டினால், வீட்டில் தனியாக இருக்கும் எழுபது வயது அம்மா எப்படி நம்பாமல் இருப்பார்? ஆயுளெல்லாம் உழைத்துச் சேர்த்த இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் ஒரே பிற்பகலில் போய்விடுகிறது.

ஆகவே, அபராதத்தைவிட 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் அறிவிப்புக் கடமையையே நான் பெரிதாக எண்ணுகிறேன். தரவு கசிந்தால் நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். கடுமையான பாதிப்பு நேரக்கூடும் என்றால், அதன்பின் ஏழு நாளுக்குள் சம்பந்தப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். பாதிப்பு கடுமையானதா என்று முதலில் கணிப்பது யார்? கசியவிட்ட அதே நிறுவனம்தான்! "அப்படியொன்றும் பெரிதில்லை" என்று அவர்களே எழுதிக்கொண்டால் நமக்கு எப்படித் தெரியும்? ஆணையர் அலுவலகம் அந்தக் கணிப்பைச் சோதிக்க வேண்டும். மறைத்தவர்களின் பெயரையும் பெற்ற தண்டனையையும் தமிழ் நாளிதழ்கள் உட்பட எல்லா ஊடகங்களிலும் வெளியிட வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. அபராதம் அரசாங்கத்துக்குப் போகிறது. பணம் இழந்தவர் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க இந்தச் சட்டம் தனி வழி எதையும் வகுக்கவில்லை. கூட்டரசு அரசாங்கமும் மாநில அரசாங்கங்களும் இதற்குக் கட்டுப்பட்டவையே அல்ல. குடிமக்களின் விவரங்களைக் குவித்து வைத்திருப்பவர்களுக்கே விலக்கு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெரிய நிறுவனங்களைத் தாண்டியும் அமலாக்கம் வர வேண்டும். அதிர்ஷ்டக் குலுக்குச் சீட்டுக்கும் உறுப்பினர் அட்டைக்கும்கூட முழு அடையாள அட்டை எண் கேட்கும் கடைகள் இருக்கின்றன. ஏன் கேட்கிறார்கள், யாரிடம் கொடுப்பார்கள் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் அதில் எதைப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவார்கள்? ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா வணிகர்கள் தீபாவளி விற்பனைக்கு முன் அதைத் தமிழிலும் ஒட்டிவைக்கட்டும். குலுக்கலுக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு