மாதிரி கைமாறிய தேதி

ஆசிரியருக்கு,

பிரிண்டர் காப்புரிமை வழக்குகள் பற்றிய உங்கள் கட்டுரை, விண்ணப்பிக்கும் முன்பே மாதிரியைப் பிறரிடம் கொடுத்தாலும் ரகசிய ஒப்பந்தம் இருந்தால் போதும், காப்புரிமைக்குத் தேவையான புதுமை கெடாது என்கிறது. போதாது. சிக்கல் பெரும்பாலும் தேதியில்தான். இங்க்ஜெட் ஹெட் (தாளில் மையைத் தெளிக்கும் பாகம்) மாதிரியை மை தயாரிப்பவரிடம் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, மூன்று வாரம் கழித்துக் கையெழுத்து வாங்கினால், அந்த இடைவெளியில் ரகசியக் கடமை இருந்ததை மின்னஞ்சல்களைக் கொண்டு நிரூபிக்க வேண்டிவரும். ஐரோப்பாவில், அந்தக் கடமையில்லாத ஒரே ஒருவருக்கு விண்ணப்பத்துக்கு முன்பே தெரிந்திருந்தாலும் புதுமை போச்சு. அமெரிக்காவில், வெளியே தெரிந்த பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. ஆனால் ரகசிய விற்பனையிலிருந்தும் அது ஓடத் தொடங்கும் என 2019-இல் ஹெல்சின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது (மருந்து வழக்குதான், சட்டம் ஒன்றே).

கண்காட்சியில் மூடிய பெட்டிக்குள் ஓடிய இயந்திரத்தின் கதை வேறு. அச்சான தாளைப் பார்த்து, நாசிலை (மை வெளியேறும் நுண்துளை) இயக்கும் மின்துடிப்பின் வடிவம் தெரிந்துவிடாது. அந்த இயந்திரத்தையே விற்றுவிட்டால், வாங்கியவர் கழற்றிப் பார்க்கலாம். பார்த்தாரா என்று ஐரோப்பாவில் யாரும் கேட்க மாட்டார்கள். எனவே டெலிவரி சலான், சீரியல் எண், ஃபர்ம்வேர் (இயந்திரத்துக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பு மூன்றும் ஒரே கோப்பில் இருக்கட்டும். பிந்தைய அப்டேட்டில் வந்த அம்சத்தை முதல் நாளே இருந்ததாகச் சொல்லும் எதிர்த்தரப்பை மடக்க, அந்தப் பதிப்பு எண்தான் கைகொடுக்கும்.

— ஒரு வாசகர்