பொறுத்திருந்தவர்களைப் பார்த்துப் பொறுமை இல்லை என்பதா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் நேரத்தையும் முன்னேற்றத்தையும் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி என்னை நித்திரை கொள்ள விடவில்லை. வடக்கு மக்களுக்கு நாளையைப் பற்றிய நினைப்பு இல்லையாம், பொறுத்திருக்கத் தெரியாமல் கைக்கு வரும் காசை நகையில் முடக்குகிறார்களாம். கொப்பித் தாளில் அச்சடித்து வந்த காலத்திலும் உங்கள் பத்திரிகையை விடாமல் வாங்கியவன் நான். இதை நீங்கள் எப்படி அனுமதித்தீர்கள் என்றுதான் மனவருத்தம்.

எங்கள் ஐயா காங்கேசன்துறைப் பக்கத்து வளவில் வேலியோரம் முழுக்கப் பனங்கொட்டை போட்டவர். பனை காய்க்க 12, 15 வருசம் செல்லும், பாளை வரும்வரை ஆணா பெண்ணா என்றே தெரியாது, வைரம் பாய்ந்து வீட்டுக் கூரையின் வளைக்கும் தீராந்திக்கும் உதவ இன்னும் எத்தனையோ காலம். பேரப்பிள்ளைகளுக்கு என்று தெரிந்துதான் போட்டார். அப்படிப்பட்ட மனுசன் 1990 ஜூனில் சண்டை தொடங்கி நாங்கள் வெளிக்கிட்டபோது காணி உறுதியை அலுமாரியிலேயே விட்டுவிட்டு வந்தார். ஒரு கிழமையில் திரும்பி விடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், ஒரு கிழமைக்கு உறுதி எதற்கு? அந்த வளவு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. விட்ட பிறகு போய்ப் பார்த்தால் வீடும் இல்லை, வடலியும் இல்லை, கிணற்றுக்கட்டு மட்டும் கிடக்கிறது. அது எங்கள் காணிதான் என்று காட்ட நான் ஏறி இறங்கிய கந்தோர்களில் எல்லாம் எனக்குக் கிடைத்த பதில் "பொறுங்கோ ஐயா" என்பதுதான்.

நகையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து மழைக்குள் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து போனோமே, உங்களுக்குத் தெரியாததா? சாவகச்சேரியில் வங்கிப் புத்தகத்தைக் காட்டினால் ஆர் அரிசி தருவார்? அம்மாவின் காப்புத்தான் எங்களுக்குச் சோறு போட்டது. பிறகு கட்டுரையாளர் சொல்கிற மாதிரியே நடந்தேன். ஓய்வு பெற்றபோது கிடைத்த காசை நிலையான வைப்பில் போட்டுவிட்டு இருந்தேன். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை போனது, என் காசின் பெறுமதி கரைந்தது. தங்கப் பவுணாக வாங்கி வைத்த என் தமக்கை தப்பிவிட்டா. எங்கள் இரண்டு பேரில் நாளையை நினைத்தவர் ஆர் என்று கட்டுரையாளரே சொல்லட்டும்.

ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் பிள்ளைகளுக்கு இனிப்பைக் காட்டி, உடனே தின்னாமல் பொறுத்திருந்தால் கூடத் தருவோம் என்று சொல்லிச் செய்த பரிசோதனையையும் இழுத்து எழுதியிருக்கிறார். அதோடு ஏன் நின்றார்? 2013 இல் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் செலெஸ்ட் கிட் குழுவினர் வெளியிட்ட ஆய்வும் இருக்கிறதே. நல்ல வர்ணப் பென்சில் கொண்டு வருகிறேன் என்று சொல்லிப்போட்டு ஒருவர் வெறுங்கையோடு வருகிறார், இன்னொருவர் சொன்னபடி கொண்டு வருகிறார். அப்புறம்தான் இனிப்பு. ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக 3 நிமிசம்தான் பொறுத்தார்கள், சொன்னது கிடைத்த பிள்ளைகள் 12 நிமிசம் பொறுத்தார்கள். எங்களிடம் வெறுங்கையோடு வந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் எழுதப் போனால் உங்கள் பக்கம் காணாது.

நாங்கள் நேரத்துக்கு வருவதில்லை என்றும் ஒரு குத்து. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு முகமாலைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அரை மணித்தியாலம் மாறும். 2006 ஏப்ரலில்தான் எல்லோருக்கும் ஒரே நேரம் வந்தது. இதற்குள்ளும் நான் ஒருநாளும் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனதில்லை. பிரதம விருந்தினர் வரும்வரை மாலையும் கையுமாக வெயிலில் பிள்ளைகளை நிறுத்தி வைப்பவர்களை ஒருவரும் கேட்பதில்லை.

என் பேரன் 2021 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சையை 2022 பெப்ரவரியில்தான் எழுதினான். பெறுபேற்றுக்கும் காத்திருந்து, பல்கலைக்கழக அனுமதிக்கும் காத்திருந்து, கடைசியில் கனடாவுக்குப் போய்விட்டான். அவனையும் பொறுமை இல்லாதவன் என்றுதான் எழுதுவீர்களா?

சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். மின்தடை அறிவித்தலை அன்றன்று காலையில் போடுகிறீர்கள். தயவுசெய்து முதல்நாளே போடுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கிணற்றில் நாலு தோட்டக்காரர் முறை வைத்து இறைக்கிறார்கள். எட்டு மணிக்குக் கரண்ட் போகும் என்று ஆறரைக்குப் பேப்பரில் பார்த்தால், அதற்குப் பிறகு ஆரோடு கதைத்து முறையை மாற்றுவது?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியன்,
மல்லாகம்.