மேல்முறையீடு உண்டு என்பதை யார் சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு நம் அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. சரி, நல்லதுதான். ஆனால் பக்கத்து ஆந்திராவில் 2024 முதல் 6,000, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு 15,000. திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ பள்ளிபாளையம் தறிக்கோ போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா, மகனைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்துவிட்டால் அந்தக் கூலி மொத்தமும் போச்சு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பராமரிப்பாளர் படியைப் பற்றியும் பேசுகிறது, ஆனால் அதைக் கேட்டுப் போனால் “அதெல்லாம் நமக்குத் தெரியாதுங்க” என்றுதான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் கிடைத்தது.

அப்புறம் இந்த பாதிப்பு சதவீதக் கணக்கு. மாற்றுத்திறனாளி சான்றிதழில் அதைக் குறைத்துப் போட்டுவிட்டால் அதே சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். எத்தனை பேருக்குத் தெரியும்? பர்கூர் மலையிலிருந்து ஈரோடு போய் வரவே ஒரு நாள் கூலி போய்விடும், அதற்கப்புறம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனு, முதலில் மறுத்த அதே மேசைக்கே திரும்பி வந்தால் என்னதான் செய்வார்கள்?

மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். யாரிடம், எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்பதையும் அதே தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். இதற்குத் தனியாக நிதி ஒதுக்கீடு ஒன்றும் வேண்டியதில்லை.

— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்