அப்பா படங்களும் ஒரு குப்பைத்தொட்டியும்

அன்பு நண்பா,

நலம்தானே? பிரிக்ஃபீல்ட்ஸ் புது வீட்டில் சாமான்களெல்லாம் அடுக்கியாகிவிட்டதா? இங்கே பினாங்கில் மழை, மற்றபடி சௌக்கியம். பட்டர்வொர்த் அக்காதான் போன வாரம் ஒரே அழுகை.

அப்பா கடைசியாகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வந்த தைப்பூசப் படங்கள் அக்காவின் பென்டிரைவில் இருந்தன. இடம் போதவில்லையென்று வேண்டாததை அழிக்கப்போய், கைதவறி அந்த ஃபோல்டரையே அழித்துவிட்டார். சரி, கணினியின் குப்பைத்தொட்டியில் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து பார்த்தால் காலி. கணினிக்குள் இருப்பதை அழித்தால் தொட்டிக்குப் போகும், பென்டிரைவில் அழித்தால் போகாதாம். 'நிரந்தரமாக நீக்கவா?' என்று கேட்டிருக்கிறது, அந்த 'நிரந்தரமாக' என்ற ஒரே சொல்லில் அப்பா போய்விட்டார் பார். எனக்கு அக்கா மேல் கோபமே இல்லை. தொட்டி படத்தைப் போட்டு வைத்தால், எறிந்தது அதில் கிடக்கும் என்றுதானே எவரும் நம்புவார்கள்?

'கட்' என்பதும் அப்படித்தான். கடிதத்தில் ஒரு வரியை கட் செய்தால் உடனே மறைகிறது, ஒரு கோப்பை கட் செய்தால் மங்கலாகி அங்கேயே நிற்கிறது, பேஸ்ட் செய்த பிறகுதான் நகர்கிறது. ஒரே சொல், இரண்டு நடத்தை. 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினியில் மேசை, காகிதம், ஃபோல்டர் என்று படம் போட்டதே ஆபீஸ்காரர்கள் பயப்படாமல் பழகத்தான். ஆனால் 1984-இல் வந்த ஆப்பிளின் மேக் கணினியில், கோப்புகளைச் சேமிக்கும் ஃபிளாப்பி வட்டை வெளியே எடுக்க, அதன் படத்தைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போடுவதும் ஒரு வழி, உள்ளே இருப்பதெல்லாம் போய்விடுமோ என்று எத்தனை பேர் கை நடுங்கியிருக்கும்!

அப்புறம் நடந்ததைக் கேள். கொம்தார் கட்டடத்தில் ஒரு கடைத் தம்பி, "இதில் இனி ஒன்றும் காப்பி பண்ணாதீங்க அக்கா" என்று பென்டிரைவை வாங்கி வைத்துக்கொண்டார். அழிப்பது என்றால் இந்த இடம் காலி என்று ஒரு குறி போடுவதுதானாம், அதன் மேல் வேறொன்று எழுதாத வரை படம் அப்படியே இருக்குமாம். ஆக 'நிரந்தரமாக' என்பதும் உண்மையில்லை, நல்லவேளை. மறுநாளே பெரும்பாலான படங்கள் திரும்பக் கிடைத்துவிட்டன, பெயர்கள் மட்டும் போய் வெறும் எண்களாக வந்திருக்கின்றன. அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஒன்றில் நீயும் இருக்கிறாய், அப்பாவுக்குப் பக்கத்தில் பால்குடத்தைப் பிடித்தபடி. எல்லாவற்றையும் உனக்கும் அனுப்புகிறேன், உன் கணினியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்