பெட்டியை ஊருக்குள் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜிபிஎஸ் காட்டும் இடத்துக்கு நடந்துபோய், ஒளித்துவைத்த பெட்டியைக் கண்டுபிடிக்கும் ‘ஜியோகேச்சிங்’ விளையாட்டு கொடைக்கானலுக்கும் வந்துவிட்டது. 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது; இடம் துல்லியமாகத் தெரிய ஆரம்பித்தது. மறுநாளே ஆரிகன் மாநிலக் காட்டில் ஒருவர் ஒளித்துவைத்த வாளியில் தொடங்கியது இந்த விளையாட்டு. பிள்ளைகளை நடக்கவைக்கும் எதையும் நான் வரவேற்பேன். ஆனால் போன மாதம் வட்டக்கானலுக்குக் கீழே சோலையோரத்தில் பார்த்த காட்சி வயிற்றெரிச்சலைத் தந்தது. மரத்தடிப் பாசியைப் பாய் போலச் சுருட்டி ஒதுக்கிவிட்டு, வேர்களுக்கு நடுவே குழி தோண்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் புதைத்திருந்தார்கள். மூடி கடிபட்டுக் கிடந்தது. உள்ளே நனைந்த நோட்டு, சாவி வளையம், மிட்டாய்த் தாள்கள். சுற்றிலும் காட்டுப்பன்றி கிளறிய மண்.

மண்ணைத் தோண்டக் கூடாது, தின்பண்டம் வைக்கக் கூடாது, இடத்துக்கு உரியவரிடம் அனுமதி பெற வேண்டும் என்பவை அந்த விளையாட்டுக்கே உரிய விதிகள். காட்டுமாடு நிற்கும் சோலைக்குள் பாதையை விட்டு இறங்கச் சொல்வது விளையாட்டே அல்ல.

பயணிகள் கப்பலில் நர்ஸாக இருக்கும் என் தம்பி மகள், தென் அட்லாண்டிக்கில் நெப்போலியன் சிறையிருந்து இறந்த செயின்ட் ஹெலினா தீவில் இறங்கியிருக்கிறாள். அங்கே ‘தபால் பெட்டி நடை’ என்றே மலைப்பாதைகள் உண்டு. பாதை முடியும் இடத்தில் ஒரு பெட்டி, அதில் வருகைப் பதிவேடு, ரப்பர் முத்திரை. நடந்து வந்தவர் பெயரெழுதி, தன் நோட்டில் முத்திரை குத்திக்கொள்ளலாம். சுமார் 820 மீட்டர் உயரமுள்ள டயானா சிகரத்துக்கு ஏறிய பாதையில், நாருக்காக நியூசிலாந்திலிருந்து கொண்டுவந்த செடி மேகக் காட்டை நெருக்கி நிற்பதைப் பார்த்தாளாம். கடைசி நார் ஆலை 1966-இல் மூடப்பட்டும் செடி போகவில்லை. தோல் பதனிடக் கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரம் நம் புல்வெளிகளை விழுங்கியது என் நினைவுக்கு வந்தது.

வட்டக்கானலுக்குக் கீழே இருக்கும் வெள்ளகெவி மலைக்கிராமத்துக்கு நடந்தே தபால் கொண்டுபோனவன் நான். ரோடு இல்லாத ஊர் அது. மூட்டைகள் குதிரையில்தான் போகும். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. பெட்டி வைப்பதென்றால் வனத்துறை அனுமதியோடு அந்த ஊரில் வையுங்கள். முத்திரையும் பதிவேடும் ஊர்க்காரர்கள் பொறுப்பில் இருக்கட்டும். வருகிறவர்கள் அவர்களிடம் டீ வாங்கிக் குடிக்கட்டும், பாதையைப் பற்றிக் கேட்கட்டும். எந்தத் திருப்பத்தில் காட்டுமாடு நிற்கும், மழைக்குப் பிறகு எந்த இறக்கம் வழுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வனத்துறையும் ஊராட்சியும் கோடை சீசனுக்கு முன் இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். புதைத்த டப்பாக்களை, வைத்தவர்களே எடுத்துச் செல்லும்படி அறிவிக்கவும் வேண்டும். முதல் பதிவேட்டை நானே வாங்கித் தருகிறேன்.

ஓய்வுபெற்ற தபால்காரர்,
கொடைக்கானல்